கெளுத்தி அணியில் ஒரு துரோகி

எல்டன் புரோகாப் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவன்மேல் எனக்குச் சந்தேகம். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, ஒரு கையில் தலையணையும் மறு கையில் ஒரு நீளப் பையுமாக வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் வராது? பைக்குள் சட்டை துணிமணி இருக்கும் என்று பார்த்தால் இரும்புக் கம்பி வைத்த முகமூடியும் மார்புக் கவசமும் இருந்தன. நெப்ராஸ்காவில் கோதுமை விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் எதற்காகப் போருக்குப் போகிறவன் மாதிரி ஊர் ஊராக அலைகிறான் என்று என் வீட்டுக்காரர் ஆர்வினிடம் கேட்டேன். "கேட்சர்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் புகுந்துகொண்டார்.

எங்கள் மெர்டாக்கில் இது வழக்கம்தான். பேஸ்பால் சின்ன லீக்கில் ஆடுகிற பையன்களுக்குக் கிளப் கொடுக்கிற சம்பளத்தில் ஓர் அறைகூட வாடகைக்குக் கிடைக்காது. அதனால் ஏப்ரலில் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒருவர் இருவரை வீட்டில் வைத்துக்கொள்வோம், செப்டம்பரில் கொஞ்சம் சதை போட்டுத் திருப்பி அனுப்புவோம். பதிலுக்கு மைதானத்தில் மட்டைக்காரன் நிற்கிற தட்டுக்குப் பின்னால், வலையை ஒட்டி இலவச இருக்கை. 1983-இல் எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். மாடியில் எல்டன். நிலவறையில் ஹெக்டர் பாவ்லினோ என்ற டொமினிக்கன் பையன்; ஓடிவருகிறவர்கள் தொட வேண்டிய இரண்டாம் பேஸ் அருகே நிற்பவன், நான் எதைச் சமைத்தாலும் அதன்மேல் சிவப்புக் காரச்சாற்றை ஊற்றுபவன். அவன்மேலும் எனக்குச் சந்தேகம்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஸ்பானிஷ் பாதி புரிந்துவிடும். அவன் ஊருக்குப் போன் பேசும்போது நிலவறைப் படியில் நின்று காது கொடுத்தேன். அவன் அம்மாவின் ஆடு குட்டி போட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். சங்கேத வார்த்தையாக இருக்கலாம் என்று மறுநாளும் நின்றேன். மறுநாளும் ஆடுதான்.

எல்டனின் கதைக்கு வருகிறேன். பதினெட்டு வயதில் அவனை ஒரு பெரிய கிளப் எடுத்தது. அன்றிலிருந்து சின்ன லீக்குகளில் அவன் ஆடாத ஊர் இல்லை. டெக்சாஸில் தேள் கொட்டியது, மொண்டானாவில் ஏப்ரல் பனியில் விரல் மரத்தது, கரோலினாவில் பஸ் நடுவழியில் தீப்பிடித்து எல்லோரும் மட்டையோடு ஓடி இறங்கினார்கள். பெரிய லீக்குக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை போனான், திங்கட்கிழமை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடுவில் நடந்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி பார்த்தான். அங்கே கொடுக்கிற விதையில் உப்பே வேறு ருசி என்பான். நான் நம்பவில்லை. அவன் மனைவியும் நம்பியிருக்க மாட்டாள், அடுத்த வருஷமே விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஊர் அணிக்குப் பெயர் கெளுத்திகள். மேனேஜர் ஹாய்ட் ஸ்ட்ரங்க், எல்லோருக்கும் 'ஸ்கிப்'. அவர் எல்டனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த சீசன் முடிகிறவரை அவன் அணியில் நின்றுவிட்டால், அடுத்த மார்ச்சில் பயிற்சி முகாமில் சின்னப் பையன்களுக்குக் கோச்சாக எடுத்துக்கொள்ளும்படி கிளப்பிடம் சொல்வார். நடுவில் அணியிலிருந்து வெட்டப்பட்டால் கிடையாது. வெட்டப்பட்டவனைக் கோச்சாக எடுக்கிற வழக்கம் அந்தக் கிளப்பில் இல்லை. எல்டனுக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. கோதுமை நிலமெல்லாம் தம்பி பெயருக்குப் போய்விட்டது. ஆகவே செப்டம்பர்வரை தள்ளியாக வேண்டும். காலையில் முட்டை சாப்பிடும்போதே காலண்டரைப் பார்ப்பான்.

ஜூன் மாதம் வம்பு ஆரம்பித்தது.

கேட்சர் என்பவன் தட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி, பிட்சர் அடுத்து என்ன எறிய வேண்டும் என்று ரகசியமாகச் சொல்பவன். ஒரு விரல் என்றால் நேர்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. அது மட்டைக்காரனுக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால் தொலைந்தது. எங்கள் பிட்சர் டென்னி ஃபால்க், கென்டக்கிப் பையன். மேசை விளிம்பிலிருந்து கரண்டி விழுகிற மாதிரி அவன் வளைபந்து கடைசி நொடியில் விழும். அதற்காகவே பெரிய கிளப் அவனைக் கொட்டிக் கொடுத்து வாங்கியிருந்தது. அந்த வளைபந்தைத்தான் இப்போது வந்தவன் போனவன் எல்லாம் அடித்தான். நேர்பந்து வந்தால் சும்மா நிற்பார்கள்; வளைபந்து வந்தால் முன்பே தெரிந்தவர்கள் மாதிரி காத்திருந்து வெளுப்பார்கள். அப்படி அடித்த ஒன்று மிசிசிப்பி ஆற்றையே தாண்டி இல்லினாயில் விழுந்தது. அங்கே ஒரு பெண்மணி அதை வாத்து முட்டை என்று நினைத்து அடைக்கு வைத்தாள். பொரியவில்லை. நம்பாதவர்கள் படகேறிப் போய்க் கேட்கலாம்.

விரல் ரகசியத்தை யாரோ விற்கிறார்கள் என்று ஸ்கிப் முடிவு கட்டினார். முதலில் ஸ்கோர் பலகையில் எண் மாட்டுகிற கிழவர்மேல் சந்தேகம், ஏனென்றால் அவரிடம் பைனாகுலர் இருந்தது. அவர் அதில் ஆற்றோர வாத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; அதனால்தான் பாதி நாள் ஸ்கோரே தப்பாக இருக்கும். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து காதைச் சொறிகிற லூதரன் பாஸ்டர்மேல் சந்தேகம். அவரைத் தூணுக்குப் பின்னால் மாற்றி உட்காரவைத்தார்கள். தூணுக்குப் பின்னாலும் அவர் சொறிந்தார், எதிரணியும் அடித்தது. ஊரில் ஒருவரும் பொது இடத்தில் மூக்கைத் தொடுவதில்லை என்கிற நிலைமை வந்துவிட்டது. ஆர்வின் தும்மினால்கூட நான் சுற்றிலும் பார்த்தேன்.

கடைசியில் சந்தேகம் ஹெக்டரிடம் வந்து நின்றது. அவன் நிற்கிற இடத்திலிருந்து கேட்சரின் விரல் தெரியும். மட்டைக்காரனுக்கு அவன் முகம் தெரியும். அவனுக்கோ அடிக்கடி தொப்பியைத் தொடுகிற பழக்கம். போதாததற்கு, எதிரணி டொமினிக்கன் பையன்கள் இரண்டாம் பேஸுக்கு வந்துவிட்டால் இவனோடு ஸ்பானிஷில் பேசுவார்கள். பேசுவதோடு நிற்காமல் சிரிப்பார்கள். புரியாத பாஷையில் ஒருவன் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறான் என்று நினைப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஸ்கிப் அவனை ஓர் ஆட்டம் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தார். அன்றும் அடி விழுந்தது. பெஞ்சிலிருந்தும் தொப்பியைத் தொடலாமே என்றார் ஸ்கிப்.

பெரிய கிளப்பிலிருந்து ஓர் ஆள் டென்னியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் யாரையாவது வெளியேற்றிக் காட்டியாக வேண்டிய அவசரம் ஸ்கிப்புக்கு.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, ஆட்டமில்லாத நாள். வழக்கம்போல அணியையே எங்கள் கொல்லைப்புறத்துக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். ஆர்வின் தணலில் இறைச்சிக் குழல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு சாலட், ஜன்னலில் ரேடியோ. முந்தின ராத்திரிதான் ஆற்றிலிருந்து ஈசல் மாதிரிப் பூச்சி கிளம்பித் தெரு முழுக்கக் கொட்டியிருந்தது. பனி அள்ளுகிற மண்வாரியால் வாசலைச் சுத்தம் செய்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் கங்காரு கோர்ட் கூட்டினார்கள். அது ஆட்டக்காரர்களே நடத்துகிற கேலி நீதிமன்றம். தேசிய கீதத்தின்போது கொட்டாவி விட்டவன், அசிங்கமான செருப்பு போட்டவன், அம்மாவிடம் போனில் அழுதவன் எல்லோரும் கூண்டில் ஏறி, காப்பி டப்பாவில் சில்லறை போட வேண்டும். அணியில் மூத்தவன்தான் நீதிபதி. அதனால் எல்டன் தரை துடைக்கிற என் துடைப்பத்தின் நூல்கொத்தை நீதிபதியின் பொய்முடி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் கம்பீரமாக உட்கார்ந்தான்.

செருப்பு வழக்கு முடிந்தது. டென்னி எழுந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே, ஹெக்டர் பாவ்லினோ மேல தேசத்துரோக வழக்கு" என்றான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். டென்னி சிரிக்கவில்லை. ஸ்கிப் பீர் டப்பாவைக் கீழே வைத்ததும் மற்றவர்கள் சிரிப்பும் நின்றுபோயிற்று.

எல்டன் கேலியாகவே சமாளிக்கப் பார்த்தான். சாட்சி உண்டா என்றான், தொப்பியைச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்றான். எடுபடவில்லை. ஸ்கிப் நேராக ஹெக்டரைக் கேட்டார்.

"அந்தப் பசங்களோட என்னடா பேசுற?"

"ஊரைப் பத்தி, ஸ்கிப்."

"ஊரைப் பத்திப் பேசினா அவ்வளவு சிரிப்பு வருமா?"

"எங்க ஊரு அப்படி."

ஒருவனும் சிரிக்கவில்லை. ஹெக்டர் சுற்றிலும் பார்த்தான். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு கராஜ் கதவுக்கு முன்னால் போய் நின்றான்.

"கண்ணைக் கட்டுங்க. எல்டன் பின்னாடி உக்காரட்டும், டென்னி எறியட்டும். எது வருதுன்னு எறியறதுக்கு முன்னாடியே சொல்றேன். அடிக்கிறவனுக்கு என் தொப்பி வேணுமா, வேணாமான்னு அப்பப் பாருங்க."

நான்தான் சமையலறைத் துண்டால் அவன் கண்ணைக் கட்டினேன். நன்றாக இறுக்கிக் கட்டினேன். ஆடு விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை.

டென்னி லைலாக் செடிப் பக்கம் போய் நின்றான். ஸ்கிப் அவன் தோளருகே நின்று, எல்டனுக்கும் டென்னிக்கும் மட்டும் தெரிகிற மாதிரி விரல் காட்டினார். எல்டன் துடைப்ப முடியோடேயே கையுறையை மாட்டிக்கொண்டு குந்தினான். ஹெக்டர் தலையைச் சற்றுச் சாய்த்தான்.

"வளைவு."

வளைபந்துதான் வந்தது.

"நேர்."

நேர்பந்து. அடுத்தது வளைவு, அதற்கடுத்தது வளைவு, பிறகு நேர். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆர்வின் புரட்டுவதை விட்டுவிட்டதில் குழல்கள் கரிந்தன. ஸ்கிப் முகம் கரிந்த குழலைவிடக் கறுத்தது. நடந்து வந்து துண்டை அவிழ்த்தார்.

"எப்படி?"

ஹெக்டர் என் துண்டை வாங்கி நாலாக மடித்தான்.

"இப்பச் சொல்லு. இல்லன்னா இன்னைக்கே பையை எடுத்துட்டு ஊருக்குக் கிளம்பு."

"பை எங்க இருக்குன்னு தெரியும், ஸ்கிப்."

சொன்னபோது அவன் கண் ஒரு விநாடி கீழே போயிற்று. எல்டனின் வலது முழங்காலுக்கு. நான் பார்த்தேன். எல்டனும் பார்த்தான். வேறு யாரும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வேன், என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம்.

அந்த முழங்காலை எனக்குத் தெரியும். தினமும் காலையில் அது மாடிப்படி இறங்கி வருகிற சத்தத்தை வைத்துத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஆனாலும் அதுவரை நான் ஸ்கோர் பலகைக் கிழவரையும் பாஸ்டரையும் ஆட்டையும்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

எல்டன் வாளிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டால் போதும். சாயங்காலமே ஹெக்டர் பஸ் ஏறுவான், செப்டம்பர் தன்பாட்டுக்கு வரும், மார்ச்சும் வரும். அவன் அதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது நூல்கொத்துக்குக் கீழே அப்பட்டமாகத் தெரிந்தது. நான் சாலட் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, இவன் ஹெக்டரை விற்றுவிடுவான், இந்த நெப்ராஸ்காக்காரன் நிச்சயம் விற்றுவிடுவான் என்றே நினைத்தேன்.

"மிஸ்டர் லுண்ட், அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றான் எல்டன்.

ஆர்வின் நிறுத்தினார்.

"ஸ்கிப், இங்க வாங்க. மட்டைக்காரன் நிக்கிற இடத்துல நில்லுங்க."

எல்டன் மறுபடி குந்தினான். நேர்பந்துக்கு உட்காருகிற மாதிரி, முன்பாதத்தில், சற்று உயரமாக. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வளைபந்துக்கு உட்காருகிற மாதிரி. வளைபந்து தரையில் குத்திக் குதிக்கும். அதைத் தடுக்க, பந்து கிளம்புமுன்பே வலது முழங்காலைத் தாழ்த்தி மண்ணோடு ஒட்ட வைக்க வேண்டும். தாழ்த்தினான். காய்ந்த சுள்ளியைக் காலால் மிதித்த மாதிரி சத்தம் வந்தது.

கொஞ்சம் தள்ளி நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. மட்டையோடு பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காமல் இருக்காது.

ஸ்கிப் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். இன்னொரு தடவையும் முழங்கால் நெட்டி முறிந்தது.

எல்டன் நூல்கொத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "ஹெக்டர் பாவ்லினோ நிரபராதி. துரோகி இங்க இருக்கான்" என்று முழங்காலைத் தட்டினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் ஸ்கிப்.

"இப்பத்தான்."

ஸ்கிப் நம்பினாரா தெரியாது. நான் பாதிதான் நம்பினேன். ஜூன் மாதத்திலிருந்தே அவன் அறையில் களிம்பு நெடி தாங்கவில்லை. வலிக்குத் தடவினானா, சத்தத்துக்குத் தடவினானா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹெக்டருக்கு ஒரு வாரமாகவே தெரியுமாம். இரண்டாம் பேஸில் நின்ற எதிரணிப் பையன், உங்கள் கிழவனின் கால் எங்களோடு பேசுகிறது என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். இவனும் சிரித்துவைத்திருக்கிறான். எல்டனிடம் சொன்னால் மனசு உடைந்துவிடும், ஸ்கிப்பிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று விழுங்கிவிட்டான். டென்னி அவனிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ முனகினான். ஹெக்டர் காப்பி டப்பாவை அவன் முன்னால் நீட்டினான். டென்னி கையில் இருந்ததையெல்லாம் போட்டான்.

மறுநாள் ஆட்டத்தில் எல்டனுக்குப் பதில் வேறொரு பையனைக் குந்தவைத்தார் ஸ்கிப். கெளுத்திகள் ஜெயித்தார்கள். எல்டன் பெஞ்சில் விதை கொறித்தான். வெள்ளிக்கிழமை ஆள்குறைப்பு என்று ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை காலையில் என் சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்டன் முட்டையைத் தொடவில்லை. ஹெக்டர் தன் முட்டைமேல் காரச்சாற்றை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"உன் கால் இவ்வளவு நாளா உண்மையே பேசிட்டிருந்துச்சு. அதான் தப்பு. பொய் சொல்லக் கத்துக்கொடு."

எல்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் குந்தி, நேர்பந்துக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, முழங்காலை மட்டும் ஒரு வெட்டு வெட்டினான். நெட்டி முறிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "மிஸஸ் லுண்ட், ஐஸ் இருக்கா?" என்றான்.

அன்று மதியமே ஸ்கிப்பிடம் போய் ஒரே ஓர் ஆட்டம் கேட்டான். அவர் வெகுநேரம் அவன் காலைப் பார்த்தாராம், பிறகு வியாழன் ஆட்டத்தைக் கொடுத்தாராம். எதிரே கிரான்டன் ஆந்தைகள் அணி. வலைக்குப் பின்னால் என் இருக்கையிலிருந்து அதைப் பார்த்தது போல வாழ்க்கையில் வேறெதையும் நான் ரசித்ததில்லை. கால் நெட்டி முறிந்தது, மட்டைக்காரன் புன்னகையோடு வளைபந்துக்குக் காத்திருந்தான், நேர்பந்து அவன் மூக்கடியில் பறந்து கையுறைக்குள் அறைந்தது. அடுத்தவன் சத்தமில்லை என்று நேர்பந்துக்கு மட்டையை வீசினான்; டென்னியின் வளைபந்துக் கரண்டி மேசையிலிருந்து விழுந்தது. ஒருவன் வீசின வேகத்தில் பெல்ட் அறுந்து கால்சட்டை நழுவியது. பாஸ்டர் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை வெட்டப்பட்டவன் எல்டன் அல்ல, வேறொருவன்.

இரண்டு வாரத்தில் லீக் முழுக்க விஷயம் பரவிவிட்டது. அதனால் என்ன? கால் எப்போது உண்மை சொல்கிறது, எப்போது பொய் சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேட்காமல் இருக்கலாம் என்றால் காது கேட்கிறதே. மட்டைக்காரர்கள் சந்தேகத்திலேயே செத்தார்கள். ஒருவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான். அம்பயர் அவுட் என்று கத்தினது கேட்காமல் அங்கேயே நின்றான்.

ஆனால் பொய்க்கு விலை உண்டு. முன்பு வளைபந்துக்கு மட்டும் நெட்டி முறிந்த கால் இப்போது வேண்டும்போதெல்லாம் நெட்டி முறிய வேண்டியிருந்தது. ஆகஸ்டில் அந்த முழங்கால் முட்டைக்கோஸ் அளவுக்கு வீங்கியது. என் ஃபிரிட்ஜிலிருந்த உறைந்த பட்டாணி முழுவதும் அதன்மேல் உட்கார்ந்து உருகியது. அதையே பிறகு சூப் வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. படி இறங்க முடியாமல், ஒரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான். போதும் நிறுத்து என்று ஆர்வின் சொன்னார். செப்டம்பர் வரட்டும் என்றான்.

செப்டம்பர் வந்தது. கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்து வளைபந்து. கால் நெட்டி முறிந்தது, அது உண்மைதான் சொன்னது. மட்டைக்காரன் நம்பவில்லை, அசையாமல் நின்றான், அது அவனுக்கு மூன்றாவது தப்பு, அவுட். எங்கள் பையன்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். எல்டன் மட்டும் குந்தினது குந்தினபடியே இருந்தான். கும்பிடுகிறான் என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள். கும்பிடவில்லை, எழுந்திருக்க முடியவில்லை. ஹெக்டர் ஒரு கையையும் டென்னி ஒரு கையையும் பிடித்து, மடித்த கால் மடித்தபடியே, அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பெஞ்சுக் கொட்டகை வாசலில் ஸ்கிப் நின்றார். காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"மார்ச்சுல வந்துரு. நீ குந்த வேணாம். நாற்காலி போடச் சொல்றேன்."

மேனேஜர்கள் செப்டம்பரில் சொல்வதை நான் நம்புவதில்லை. மார்ச் பிறந்ததும் ஃபுளோரிடா முகாமுக்கு நானே போன் போட்டேன். யார் யாரோ எடுத்து, கடைசியில் எல்டன் பேசினான். பின்னால் பையன்கள் கூச்சலும் பந்து கையுறையில் அறைகிற சத்தமும் கேட்டன. நாற்காலி போட்டார்களா என்றேன்.

"போட்டிருக்காங்க, மிஸஸ் லுண்ட். மடக்கு நாற்காலி. உக்காரும்போது கிறீச்சுங்குது" என்றான். பிறகு போனைக் கையால் மூடாமலே யாரிடமோ கத்தினான்: "டேய், முழங்காலைத் தாழ்த்தாதே. எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."